குங்குமம் வைத்த வெள்ளைப் பெட்டை

என் தம்பி உத்தமனின் மனைவி அம்புஜம் 1963ஆம் ஆண்டு ஆம்பூரில் பிறந்தாள். 1984இல் மணமாகிப் பெங்களூருக்கு வந்தாள். ஸ்ரீராம்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு; தகரக் கூரை, இரண்டு அறைகள், பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஒரு கொல்லை. உத்தமனுக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை. அம்புஜம் வீட்டிலிருந்தபடியே ஊதுபத்தி உருட்டினாள். மூன்று கருச்சிதைவுகளுக்குப் பிறகு 1988 ஆகஸ்டு பதினான்காம் தேதி வைஷ்ணவி பிறந்தாள். வேறு குழந்தை இல்லை. கொல்லையில் ஆறு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. ஆறில் ஒன்று வெள்ளை.

1994 மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வைஷ்ணவிக்கு மூளைக்காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டு நாட்கள் அவளுக்கு நினைவில்லை. ஒன்பதாம் நாள் மாலை வார்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தபடி அம்புஜம் வேண்டிக்கொண்டாள். அப்போது அவளுடைய நாத்தனாரான நான் பக்கத்தில் இருந்தேன். அவள் சொன்ன சொற்களை அன்றே எழுதி வைத்தேன். "அந்த வெள்ளப் பெட்டய உன் வாசல்ல உசுரோட வுடறேன் தாயே. என் பொண்ணு கண்ணத் தொறக்கணும்." மறுநாள் காலை ஏழு மணியளவில் வைஷ்ணவி கண் திறந்தாள். டாக்டர் அதற்கு முந்தின நாள்தான் மருந்தை மாற்றியிருந்தார். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தகப்பனார் தொடங்கிய குடும்ப ஏடு இப்போது என் வசம் இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றோடு வேண்டுதல்களுக்கும் அதில் தனிப் பக்கம் உண்டு. வேண்டியவர் யார், யாருக்காக, எந்தத் தெய்வத்துக்கு, எப்போது செலுத்தப்பட்டது என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டு யாரும் அந்தப் பக்கத்தைக் கடந்ததில்லை. ஏப்ரல் ஏழாம் தேதி முதல் மூன்று கட்டங்களையும் நிரப்பினேன். அவர்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் ஆடி நான்காம் செவ்வாயன்று கோழி விடுவது வழக்கம். அந்த ஆண்டு அது ஆகஸ்டு ஒன்பதாம் தேதி.

குழந்தை வீடு திரும்பினாள். ஆனால் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: இரண்டு வருடம் கவனமாக இருக்கவேண்டும், மறுபடி கடுங்காய்ச்சல் வந்தால் வலிப்பு வரலாம், வந்தால் எதுவும் சொல்வதற்கில்லை. அம்புஜம் இதை உத்தமனிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் கோழி அவள் கண்ணுக்குக் கோழியாகத் தெரியவில்லை.

நேர்ந்துவிட்ட கோழிக்கு அடையாளம் வேண்டும். அது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஏப்ரல் எட்டாம் தேதி அதைக் குளிப்பாட்டி, இடது காலில் மஞ்சள் நூல் கட்டி, கழுத்தில் மஞ்சள் பூசி, பிடரியிலும் இறக்கைகளுக்கு நடுவே முதுகிலும் குங்குமம் வைத்தாள். அப்படிப்பட்ட கோழியை அந்தச் சந்தில் யாரும் திருட மாட்டார்கள். அடித்துத் தின்ன மாட்டார்கள். மஞ்சள் வெளுத்துவிடும், குங்குமம் உதிர்ந்துவிடும் என்பதால் செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளித்தபின் புதிதாக வைத்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

மே மாதக் கடைசியில் முதுகில் இறகு குறையத் தொடங்கியது. சேவல் மிதித்ததால் இருக்கும் என்று அவள் நினைத்துச் சேவலை விற்றாள். இறகு உதிர்வது நிற்கவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் ஒரு பகல் நேரத்தில், கையில் ஊதுபத்தி மாவோடு கொல்லைப் பக்கம் போனவள் பார்த்தாள். ஐந்து கோழிகளும் வெள்ளையைக் குளியலறைச் சுவரின் மூலையில் நெருக்கி வைத்துக்கொண்டு, ஒன்று மாற்றி ஒன்று, அவசரமே இல்லாமல் முதுகில் கொத்திக்கொண்டிருந்தன. அது ஓடவில்லை. தலையைச் சுவரின் ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. வால் அடியிலிருந்து பிடரி வரை தோல் கிழிந்து சதை தெரிந்தது.

நான் மறுநாள் ஜோகுபாளையத்தில் என் வீட்டிலிருந்து போனபோது, அம்புஜம் அதைத் தன் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்து, கூடை கவிழ்த்து வைத்திருந்தாள். காயத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்தாள். ஈ மொய்க்காமலிருக்கப் பழைய சேலைத் துணியைக் கூடையின் மேல் போர்த்தியிருந்தாள்.

"அண்ணி, இது ஆடி வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும். ஏன் தாங்காது?"

"செத்துட்டா?"

"வேற கோழி வுட்டுக்கலாம் அம்புஜம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. என் அறியாமைக்காக வருந்தியதுபோல் இருந்தது.

"நான் ஒரு கோழின்னு சொல்லல அண்ணி. அந்த வெள்ளப் பெட்டைன்னு சொன்னேன். நீங்கதான பக்கத்துல இருந்தீங்க."

ஆமாம், நான்தான் பக்கத்தில் இருந்தேன். எழுதியவளும் நான்தான்.

பதினைந்து நாட்கள் அவள் ஊதுபத்தி உருட்டியது பாதிக்கும் குறைவு. காலையும் மாலையும் காயத்தைக் கழுவினாள். மூன்றாம் நாள் காயத்தின் ஓரத்தில் புழு வைத்தது. கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊற்றி, கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். கேழ்வரகுக் கஞ்சியை இங்க் பில்லரில் உறிஞ்சி அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். வைஷ்ணவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அம்மா, அதுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாள். "வாய மூடு," என்றாள் அம்புஜம். குழந்தையிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் கடைசியில் காயம் பக்கு கட்டி உலர்ந்தது. கோழி எழுந்து நடந்தது. அடைத்து வைத்தால் கால் மடங்கிப்போகும், கூட்டத்தோடு விட்டால்தான் தேறும் என்று பக்கத்து வீட்டுத் தமயந்தி சொன்னாள். அம்புஜத்துக்கும் அது சரியாகப் பட்டது. ஜூலை முதல் தேதி வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் குளித்து, காயத்தால் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து நிறைய மஞ்சள் பூசி, நிறையக் குங்குமம் வைத்து, கோழியைக் கொல்லையில் இறக்கிவிட்டாள். அரை மணி நேரம் நின்று பார்த்தாள். ஐந்தும் ஒன்றும் செய்யவில்லை. வைஷ்ணவியைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் இடது கண் போயிருந்தது. பக்கு உரிந்து முதுகு முழுவதும் மறுபடி ரத்தம். கோழி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஐந்தும் அதன் மேல் ஏறி நின்றன.

அவள் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது. வைஷ்ணவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணித் தமயந்தி ஓடி வந்திருக்கிறாள். கோழி என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கா இந்த ஒப்பாரி? பேசாம கொழம்பு வெய்யி. நேர்ந்து வுட்டதுன்னா பிரசாதம்னு நெனச்சுக்கோ." அம்புஜம் கோழியை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று நினைத்தாளாம். நான்கு கிலோமீட்டர்.

அங்கே டாக்டர் வரவில்லை. கம்பவுண்டர் கோவிந்தப்பா இருந்தார். நடந்ததை அம்புஜம் சொல்ல நான் கேட்டு எழுதியது இது. அவர் பேசிய தமிழில் பாதி கன்னடம்.

"நாட்டுக் கோழிக்கு இஷ்டு தூரம் நடந்து பந்தியாம்மா? இதுக்கு ஊசி போட்டா, ஊசி வெல ஜாஸ்தி, கோழி வெல கம்மி."

"ஆடி வரைக்கும் உசுரோட இருந்தா போதும் சார். வாசல்ல வுடணும். நேர்ந்துட்டிருக்கேன், என் பொண்ணுக்கு."

அவர் முந்தானையைப் பிரித்துக் கோழியின் இறகைத் தள்ளிப் பார்த்தார். விரலால் பிடரியைத் தேய்த்தார். விரல் சிவந்தது. அதை முகர்ந்தார்.

"இது ரத்தா அல்ல. குங்குமா. யாரு ஹச்சினது?"

"நான்தான் சார். செவ்வா, வெள்ளி."

"முதுகு மேலயா?"

"முதுகுலயும் வெப்பேன்."

கோவிந்தப்பா விரலைத் துடைத்துக்கொண்டாராம். பிறகு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"கோழிக்குக் கெம்பு, செவப்பு, கண்டா ஆகாதும்மா. கெம்பு எங்க இருக்கோ அங்க கொத்தும். ஒண்ணு கொத்தினா ரத்தம் வரும், அதுவும் கெம்புதான, எல்லாம் சேந்துக்கும். நீ வாரத்துக்கு எரடு தடவ இங்க கொத்துன்னு காட்டிக் குடுத்திருக்க."

அவர் ஒரு பாட்டில் ஊதா மருந்து கொடுத்தார். காயத்துக்கும் மருந்து, சிவப்பையும் மறைக்கும். காசு வாங்கவில்லை. மற்றக் கோழிகளோடு இனி எந்நாளும் விடக்கூடாது, ஒரு முறை ருசி கண்டவை விடமாட்டா என்றார். அம்புஜம் திரும்பி வந்தது எப்படி என்று அவளுக்கே நினைவில்லை. மாலையில் நான் போனபோது அவள் ஊதுபத்திக் கரி படிந்த கைகளை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுங்க கொத்தல அண்ணி. நான்தான் கொத்த வுட்டேன். ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் சாமி பேரச் சொல்லிச் சொல்லி."

ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று குறித்துவைக்கவில்லை.

அந்த ஐந்தையும் அந்த வாரமே விற்றாள். உத்தமனுக்கு ஆத்திரம். "முட்ட வெக்கிற அஞ்சயும் வித்துட்டு, சாவப்போற ஒண்ண மடில வெச்சிக்கினு உக்காந்திருக்கா பாருக்கா." ஆனால் கூடைக்குப் புதுச் சாக்கு கொண்டுவந்தது அவன்தான். ஜூலை முழுவதும் அந்த வீட்டில் கோழியின் மூச்சைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றார்கள். நான்கு நாட்கள் அது தலை தூக்கவில்லை. அம்புஜம் வைஷ்ணவியின் நெற்றியைத் தொடுவாள், பிறகு குனிந்து கோழியின் நெஞ்சைத் தொடுவாள். ஒன்று சூடாகத் தெரிந்தால் மற்றதையும் மறுபடி தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாளில் எத்தனை முறை என்று நான் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். ஜூலை இருபதாம் தேதி கோழி தானாக எழுந்து நின்றது. முதுகில் இறகே இல்லை. பிடரி முதல் வால் வரை ஊதா. "என்னா அம்புஜம், உன் மவளுக்கு ஊதா ரவிக்கை தெச்சிட்டியா?" என்று தமயந்தி கேட்டபோது அம்புஜம் சிரித்தாள். அந்த ஆண்டில் அவள் சிரித்ததாக நான் எழுதிவைத்திருப்பது அந்த ஒன்றுதான்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி நானும் போயிருந்தேன். முறை இது: கோழியைப் பிள்ளையின் தலையை மூன்று முறை சுற்றி வாசற்படியில் இறக்க வேண்டும். பூசாரி அதன் தலையில் குங்குமம் வைப்பார். கோயில் ஆள் அதை எடுத்துப் பக்கத்தில் மூங்கில் தட்டியும் வலையும் கட்டிய அடைப்புக்குள் விடுவான். மாலையில் எல்லாம் ஏலத்துக்குப் போகும். இதில் யாருக்கும் எதுவும் புதிதல்ல. அம்புஜமும் பத்து ஆடிகளாகப் பார்த்ததுதான். ஆனால் அடைப்புக்குள் அதுவரை அவள் பார்த்ததில்லை.

எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். அடைப்பில் நாற்பது கோழிகளாவது இருக்கும். எல்லாவற்றின் தலையிலும் குங்குமம். ஒன்றை ஒன்று துரத்தின. தட்டியோரம் ஒரு கறுப்புப் பெட்டை கொண்டையில் ரத்தத்தோடு ஒண்டியிருந்தது. அதைச் சுற்றி மூன்று. புதிதாக ஒன்றை உள்ளே போட்டார்கள். கூட்டம் அதன் பக்கம் திரும்பியது.

எங்கள் முறை வந்தது. அம்புஜம் வைஷ்ணவியின் தலையை மூன்று சுற்றுச் சுற்றிக் கோழியைப் படியில் இறக்கினாள். அது ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்து நின்றது. பூசாரி குங்குமத் தட்டோடு குனிந்தார். அம்புஜம் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"குங்குமம் வேணாம் சாமி."

"என்னம்மா?"

"இதுக்குக் குங்குமம் வேணாம். தனியா ஒரு ஓரத்துல வுட்டுடுங்க சாமி, சாயங்காலம் வரைக்கும். உங்க காலுல வுழறேன்."

"ஆடிச் செவ்வாயில அம்மன் வாசல்ல வந்து குங்குமம் வேணாங்கிறியே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பின்னால நூறு பேரு நிக்கிறாங்க. ஒவ்வொரு கோழிக்கும் தனி ரூமா கட்ட முடியும்?"

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்த வாயால சொல்றா பாரு." உத்தமனுக்கு முகம் கறுத்துவிட்டது. கோயில் ஆள் கோழியைத் தூக்கக் கை நீட்டினான். அம்புஜம் அவனை முந்திக்கொண்டு அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். குழந்தையின் கையை நான் பிடித்திருந்தேன். அது குளிர்ந்திருந்தது.

தெருமுனையில் உத்தமன் அவளை மறித்தான். "புள்ளய வுடக் கோழி ஒசத்தியாடி உனக்கு?"

"உசுரோட வுடறேன்னுதான் சொன்னேன். கொல்லக் குடுக்கறேன்னு சொல்லல."

"வாசல்ல வுட்டா உன் வேல முடிஞ்சுது. அதுக்கப்புறம் அது அவ பாடு."

"அந்த அடைப்புல பத்து நிமிசம் இருக்குமா அது? நீயே சொல்லு. அத வாசல்ல வுட்டேன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்?"

அவன் வழியை விட்டு விலகினான். அவள் வீட்டுக்கு வந்து கோழியைக் கூடைக்குள் வைத்துவிட்டு, வைஷ்ணவியை மடியில் கிடத்திக்கொண்டு பொழுது சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி நண்பகல், வைஷ்ணவிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு.

அன்று நடந்ததை உத்தமன் சொல்லி எழுதினேன். அம்புஜம் தானே கூடையை நிமிர்த்திக் கோழியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "கொண்டுபோய் வுட்டுடு. குங்குமம் வெச்சாலும் வெச்சுக்கட்டும்." குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினாள். உத்தமன் கோயிலுக்குப் போனான். நடை சாத்தியிருந்தது. அடைப்பைப் பிரித்திருந்தார்கள், வாசலில் ஒரு இறகுகூட இல்லை. கோழியைப் படியில் இறக்கிவிட்டுப் பத்தடி நடந்தான். திரும்பிப் பார்த்தான். அது சுவர் ஓரமாகப் போய்த் தலையை மூலையில் நுழைத்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்து நாய் ஒன்று எழுந்து வந்தது. அவன் மறுபடி போய் அதை எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததும் அம்புஜம், "வுட்டுட்டியா?" என்று கேட்டாள். அவன் சட்டைக்குள்ளிருந்து ஊதா நிறத் தலை எட்டிப் பார்த்தது.

"நாய் வந்துச்சு," என்றான்.

அவள் அந்தத் தலையைச் சட்டைக்குள் தள்ளி மறைத்தாள். தொண்டையில் சதை வீங்கியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. அது ஆகஸ்டு பதினான்கு. குழந்தைக்கு அன்று ஆறு வயது நிறைந்தது.

டாக்டர் சொன்ன இரண்டு வருடம் முடிந்தபோதும் அம்புஜத்தின் பயம் முடியவில்லை. கோழி உயிரோடு இருக்கும்வரை கொடுக்க வேண்டியது கையில் இருக்கிறது, அம்மன் பொறுப்பாள். செத்துவிட்டால் கொடுக்க ஒன்றுமில்லை, பிறகு வேறொன்றைக் கேட்பாள் என்பது அவள் கணக்கு. அதனால் அந்தக் கோழியைப் போல் வேறெந்தக் கோழியும் காப்பாற்றப்பட்டதில்லை. மழைக்காலத்தில் அடுப்புப் பக்கம் படுக்க வைத்தாள். வேப்பெண்ணெய் வாடை அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. ஆம்பூரில் தன் தாய் இறந்தபோதுகூடப் பதினாறாம் நாள் வரை தங்காமல், கோழிக்கு யார் கஞ்சி ஊட்டுவார்கள் என்று மூன்றாம் நாளே திரும்பினாள். அவள் அண்ணன்மார் அதை இன்றும் மன்னிக்கவில்லை.

ஆண்டுதோறும் ஆடி நான்காம் செவ்வாயன்று, கூட்டம் கலைந்தபின் கோழியைக் கோயிலுக்குத் தூக்கிப் போவாள். படியில் இறக்குவாள். "இதோ இருக்குது, பாத்துக்கோ. உசுரோடதான் இருக்குது," என்பாள். மறுபடி தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பூசாரி முதலில் முறைத்தார். பிறகு பழகிக்கொண்டார்.

2001 பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் கோழி கூடைக்குள் இறந்து கிடந்தது. காயம் எதுவும் இல்லை. வயதுதான். கொல்லையில் புதைத்தார்கள். அன்று முதல் ஓராண்டு அம்புஜம் வைஷ்ணவியின் பாயிலேயே, அவள் மணிக்கட்டின் மேல் கை வைத்தபடி படுத்தாள். வைஷ்ணவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. ஆனால் கையை உதறியதில்லை.

அந்த வாரம் ஏட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஏழு ஆடிகள் வாசலில் இறக்கியிருக்கிறாள். செலுத்தப்பட்டது என்று எழுதினால் தவறில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்றும் தோன்றியது.

"எழுதாதீங்க அண்ணி. எறக்குனேன், ஆனா வுடல. அந்தத் தாயிக்குத் தெரியும்."

"அப்ப என்னன்னு எழுதறது?"

"காலியா வுடுங்க. அவ கேக்கட்டும். கேக்கற அன்னிக்கு நான் இருக்கேன் இல்ல, என்னக் கேக்கட்டும்."

இதை எழுதுவது 2009 செப்டம்பரில். அம்புஜம் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கோழி வளர்ப்பதில்லை. வைஷ்ணவிக்கு ஜலதோஷம் என்றாலும் முதலில் அவள் கை போவது மகளின் நெற்றிக்கு, பிறகு கட்டிலுக்கு அடியில்.

வைஷ்ணவிக்கு வயது இருபத்தொன்று. நான்காவது கட்டம் காலியாக இருப்பது பதினைந்து ஆண்டுகளாக.